கைப்பேசித் தளம் மாறுதலும் மாற்றுச் செயலிகளும்

கைப்பேசித் தளம் மாறுதல் என்பது, ஓர் இயங்குதளத்தில் செயற்படும் திறன்பேசியைப் பயன்படுத்தி வந்தவர் வேறோர் இயங்குதளத்தில் செயற்படும் திறன்பேசிக்குச் செல்வதைக் குறிக்கும். இன்று இது பெரும்பாலும் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ செல்வதாக உள்ளது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் ஆகிய தளங்களும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியவர்களுள் பலர் தாமாக மாறவில்லை. தளமே மூடப்பட்டதால் மாற நேர்ந்தது.

புதிய கருவியைக் கையாள ஓரிரு நாளில் பழகிவிடலாம். நாள்தோறும் பயன்படுத்திய செயலிகள் புதிய தளத்தில் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அவற்றுக்கு மாற்று என்ன, பழைய செயலிக்குள் சேர்ந்திருக்கும் தரவு என்னவாகும் என்பவையே கடினமான கேள்விகள். இவற்றுள் மூன்றாவது கேள்வியைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். குறிப்பெழுதும் செயலி ஒன்று போனால் இன்னொன்றை இறக்கிக்கொள்ளலாம். அதில் ஐந்தாண்டுகளாக எழுதி வைத்த குறிப்புகளை எந்தக் கடையிலிருந்தும் இறக்க முடியாது.

செயலிகள் ஏன் கூடவே வருவதில்லை

ஆண்ட்ராய்டுச் செயலிகள் பெரும்பாலும் ஜாவா அல்லது கோட்லின் மொழியிலும், ஐபோன் செயலிகள் ஆப்ஜெக்டிவ்-சி அல்லது ஸ்விஃப்ட் மொழியிலும் எழுதப்படுகின்றன. ஒளிப்படக் கருவி, இருப்பிடம், அறிவிப்புகள் போன்றவற்றை அணுகும் முறை ஒவ்வொரு தளத்திலும் வேறு. எனவே ஒரே பெயரில், ஒரே சின்னத்துடன் இரு தளங்களிலும் காணப்படும் செயலி உண்மையில் இரண்டு தனித்தனி மென்பொருள்களாகவே இருக்கும். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளைக் கொண்டு ஒரே நிரலிலிருந்து இரு தளங்களுக்கும் செயலி உருவாக்கலாம். அப்போதும் கடைக்கு இரண்டு தனிப் பொதிகளைத்தான் அனுப்ப வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கிய செயலிக்கும் இதே நிலைதான். கூகுள் பிளேயில் வாங்கியதற்கான உரிமை கூகுள் கணக்குடனும், ஆப் ஸ்டோரில் வாங்கியதற்கான உரிமை ஆப்பிள் கணக்குடனும் பிணைந்தவை. ஒன்றில் கட்டிய பணம் மற்றொன்றில் செல்லாது. செயலியை நடத்தும் நிறுவனத்திடமே நேரடியாகக் கணக்குத் தொடங்கிச் சந்தா கட்டியிருந்தால் மட்டும், அதே கணக்கைக் கொண்டு புதிய தளத்திலும் நுழையலாம்.

தளத்தின் கொள்கையாலேயே சில வேலைகள் மாறுவதில்லை. ஆண்ட்ராய்டில் பயனர் இசைவு தந்தால் ஒரு செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க இயலும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகவே வரவு செலவுக் கணக்கு எழுதும் செயலிகள் இப்படித்தான் இயங்குகின்றன. ஐபோன் பிற செயலிகளுக்கு அந்த இசைவைத் தருவதில்லை. எனவே அதே நிறுவனம் ஐபோனுக்குச் செயலி வெளியிட்டாலும் அந்த வசதி அதில் இருக்காது. அழைப்புகளைப் பதிவு செய்யும் வசதியும் ஐபோனில் நெடுங்காலம் இல்லை. 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 பதிப்பில்தான் ஆப்பிள் அதைச் சேர்த்தது. பெயரை மட்டும் பார்த்து, இந்தச் செயலி அங்கும் இருக்கிறது என்று முடிவு செய்வது பல நேரங்களில் ஏமாற்றத்தில் முடிவது இதனால்தான்.

விண்டோஸ் போன்: ஒரு தளம் மூடப்பட்ட வரலாறு

மாற்றுச் செயலி என்னும் சிக்கலை முழுமையாகப் புரிந்துகொள்ள விண்டோஸ் போனைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 சூலை 10 அன்று ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான கடையும் வந்தது. மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் 7 வெளிவந்தது 2010 இறுதியில். இந்த இரண்டாண்டு இடைவெளியை அத்தளத்தால் கடைசி வரை ஈடுகட்ட முடியவில்லை. செயலிகள் குறைவு என்பதால் மக்கள் வாங்கவில்லை. வாங்குவோர் குறைவு என்பதால் நிரலாளர்கள் செயலி எழுதவில்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியன் தளத்தைக் கைவிட்டு விண்டோஸ் போனை ஏற்பதாக அறிவித்தது. அப்போது இந்தியாவில் நோக்கியா என்பது கைப்பேசிக்கே மறுபெயர் போல இருந்தது. தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்துகொண்டிருந்தது. (அத்தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.) சிம்பியனிலிருந்து லூமியா கைப்பேசிக்குச் சென்றவர்கள் முதல்முறையாகத் தளம் மாறினர். 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது, விண்டோஸ் போன் 7 கருவிகளை அதற்கு உயர்த்த முடியாது என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. உட்கரு முழுவதும் மாற்றப்பட்டதே காரணம். ஓராண்டுக்கு முன்புதான் வாங்கிய கருவி பழைய தளமாகிவிட்டது. முகப்புத் திரையின் தோற்றத்தை மட்டும் புதிதாக்கும் 7.8 என்ற பதிப்பு அவர்களுக்குத் தரப்பட்டது. அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க முடியாது.

யூடியூப் செயலி தொடர்பான பூசல் இன்னொரு பாடம். கூகுள் விண்டோஸ் போனுக்கு முறையான யூடியூப் செயலி எழுதித் தரவில்லை. மைக்ரோசாப்ட் தானே ஒன்றை எழுதி 2013 மே மாதம் வெளியிட்டது. அது விளம்பரங்களைக் காட்டவில்லை, காணொளிகளைப் பதிவிறக்கவும் இடமளித்தது. உடனே அதை நீக்குமாறு கூகுள் கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் திருத்திய பதிப்பு வந்தபோது கூகுள் அதையும் தடுத்தது. இவ்வாறு பெரிய நிறுவனங்கள் வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில் தனி நிரலாளர்கள் அந்த இடைவெளியை நிரப்பினர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரூடி ஹுய்ன். இன்ஸ்டாகிராமுக்கு மாற்றாக 6டேக், ஸ்னாப்சாட்டுக்கு மாற்றாக 6ஸ்னாப் ஆகிய செயலிகளை அவர் எழுதினார். முறையான செயலிகளைவிட இவையே நன்றாக இருப்பதாகக் கருதிய பயனர்களும் உண்டு.

ஆனால் பிறர் எழுதும் மாற்றுச் செயலிக்கு ஒரு நிலையான ஆபத்து இருக்கிறது. சேவையை நடத்தும் நிறுவனம் வாயிலை மூடினால் அது நின்றுவிடும். 2014 டிசம்பரில் ஸ்னாப்சாட் தன் சேவையைப் பிறர் எழுதிய செயலிகள் வழியாக அணுகுவதைத் தடை செய்தபோது 6ஸ்னாப் கடையிலிருந்து மறைந்தது. விண்டோஸ் போனுக்கு ஸ்னாப்சாட்டின் முறையான செயலி இல்லாததால் அப்பயனர்களுக்கு வேறு வழியும் இல்லாமல் போனது. போலிகளின் தொல்லை மற்றொன்று. புகழ்பெற்ற செயலிகளின் பெயரையும் சின்னத்தையும் போட்டு ஏமாற்றிய 1,500க்கும் மேற்பட்ட செயலிகளை 2014 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் தன் கடையிலிருந்து நீக்கியது. தேவை இருந்து, பொருள் இல்லாத சந்தையில் போலி விற்பது கைப்பேசிக்கு மட்டும் உரியதன்று.

2017 அக்டோபரில் மைக்ரோசாப்டின் உயர் அலுவலர் ஜோ பெல்ஃபியோரி, அத்தளத்துக்குப் புதிய வசதிகள் எவையும் உருவாக்கப்படா என்று தெரிவித்தார். நிரலாளர்களுக்குப் பணம் கொடுத்தும், அவர்களுக்காகத் தாங்களே செயலி எழுதிக் கொடுத்தும் பயனர் எண்ணிக்கை போதவில்லை என்பது அவர் தந்த விளக்கம். அவரே ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்ததையும் ஒப்புக்கொண்டார். வாட்சாப் 2019 டிசம்பர் 31 உடன் விண்டோஸ் கைப்பேசிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. தளத்துக்கான மைக்ரோசாப்டின் ஆதரவும் 2020 சனவரியில் முடிந்தது.

இந்த வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. லூமியா பயனர்கள் மிகவும் விரும்பியவற்றுள் ஒன்று, இணைய இணைப்பு இல்லாமலே வழிகாட்டும் நோக்கியாவின் ஹியர் நிலப்படச் செயலி. தளம் மூடப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்துவிட்டது. 2016இல் விண்டோஸ் 10 கைப்பேசிகளிலிருந்து அது விலக்கவும் பட்டது. பயனர்கள் மாறுவதற்கு முன் செயலியே தளம் மாறிக்கொண்டது.

தளம் மாறாமலே செயலி போவது

கருவி அப்படியே இருக்கச் செயலி மட்டும் இல்லாமல் போவதும் உண்டு. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் பற்றியே அதிகம் பேசப்பட்டது. ஆனால் அன்றாட வேலைக்குப் பயன்பட்ட கேம்ஸ்கேனர், ஷேர்இட், சென்டர், யூசி உலாவி ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. ஊரடங்கு காலம் அது. வீட்டுப்பாடத் தாள்களைக் கேம்ஸ்கேனரில் படியெடுத்து ஆசிரியர்களுக்கு அனுப்பி வந்த மாணவர்கள் உடனடியாக வேறு வழி தேட வேண்டியிருந்தது. அடோபி ஸ்கேன் போன்ற செயலிகள் அந்த இடத்தைப் பிடித்தன. கூகுள் டிரைவ் செயலிக்குள்ளும், ஐபோனின் குறிப்புகள் செயலிக்குள்ளும் இவ்வசதி முன்பே இருந்ததைப் பலர் அப்போதுதான் கண்டுகொண்டனர்.

மாற்றுச் செயலியைத் தேர்தல்

மாற்றுத் தேடுபவர் செயலியின் பெயரை விட்டுவிட்டு, அது செய்த வேலையைச் சொற்களில் எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம். "எனக்கு டாஸ்கர் வேண்டும்" என்று தேடினால் ஐபோனில் கிடைக்காது. "வீட்டை அடைந்ததும் ஒலியை மாற்ற வேண்டும், குறித்த நேரத்தில் செய்தி அனுப்ப வேண்டும்" என்று எழுதினால், ஐபோனிலேயே உள்ள ஷார்ட்கட்ஸ் செயலி அவற்றுள் எவற்றைச் செய்யும், எவற்றைச் செய்யாது என்று பார்க்கலாம். அதேபோல் கராஜ்பேண்டில் பாட்டு அமைத்தவர் ஆண்ட்ராய்டில் பேண்ட்லேபைப் பார்க்கலாம். பேண்ட்லேப் இரு தளங்களிலும் இருப்பதால், ஐபோனை விடுவதற்கு முன்பே அதில் பழகிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. இவ்வாறு இரு தளங்களுக்கும் பொதுவான செயலிக்கு முதலில் மாறி, அதன்பின் கருவியை மாற்றுவதே தொல்லை குறைந்த முறை. வி.எல்.சி. இயக்கி, கூகுள் ஃபோட்டோஸ், பிட்வார்டன், ஜாப்ளின் போன்றவை அத்தகைய பொதுச் செயலிகள்.

செயலி கிடைக்காவிட்டாலும் அதன் இணையதளம் உலாவியில் திறக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை பயன்படுத்தும் சேவைக்கு அதுவே போதும்.

தேர்வில் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தரவை வெளியே எடுக்கும் வசதி. ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குச் செல்லும் மாணவனிடம் மாற்றுச் சான்றிதழ் இருந்தால் புதிய பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்கிறது. தரவுக்கும் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் உண்டு. அவை எல்லாரும் ஏற்றுக்கொண்ட கோப்பு வடிவங்கள். தொடர்பு எண்களுக்கு விகார்டு, நாட்காட்டிக்கு ஐகேலண்டர், வலையொலிச் சந்தாக்களுக்கு ஓபிஎம்எல், மின்னூல்களுக்கு ஈபப், நடந்த பாதைகளின் பதிவுக்கு ஜிபிஎக்ஸ் என அவை அமைந்துள்ளன. இவ்வடிவங்களில் ஏற்றுமதி செய்யும் செயலியை எப்போது வேண்டுமானாலும் விட்டுச் செல்லலாம். ஏற்றுமதியே இல்லாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் முக்கியமான எதையும் சேர்த்து வைப்பது சரியன்று.

ஒளிப்படங்களில் ஒரு சிறு சிக்கல் எழுவதுண்டு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹீக் என்னும் வடிவில் சேமிக்கிறது. இது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பழைய கருவிகள் சிலவற்றில் திறக்காது. மாறுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே ஒளிப்பட அமைப்புகளில் ஜேபெக் வடிவைத் தேர்ந்துகொண்டால் இத்தொல்லை குறையும்.

தமிழ் உள்ளீடு

தமிழில் எழுதுவோர்க்குத் தட்டச்சுச் செயலிதான் முதல் கவலை. தொடக்ககால ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழைப் படிக்கவே முடியாது. எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியும். அக்காலத்தில் ஓபரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டும் தெரிவை இயக்கித் தமிழ் இணையப் பக்கங்களைப் படித்தவர்கள் ஏராளம். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கு மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் வெளிவந்தது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ் விசைப்பலகை ஐபோனுக்குள்ளேயே அமைந்தது. அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 8 பதிப்பில் பிறர் உருவாக்கும் விசைப்பலகைகளையும் நிறுவ ஆப்பிள் இடமளித்தது.

சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகியவர்களுக்குத் தளம் மாறுவதால் பெரிய இழப்பில்லை. அதே அமைப்பு ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் கிடைக்கிறது. விரல்கள் பழகியதை மறக்கத் தேவையில்லை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுபவர்கள்தான் தடுமாறுகிறார்கள். ந, ன, ண மூன்றையும், ல, ள, ழ மூன்றையும் பெறும் முறை செயலிக்குச் செயலி வேறுபடும். பழைய செயலி நாளடைவில் கற்றுக்கொண்ட ஊர்ப்பெயர்களும் உறவினர் பெயர்களும் புதியதற்குத் தெரியா. சில வாரங்கள் பிழை மலிந்த செய்திகள் செல்வதைத் தவிர்க்க முடியாது. ஏற்கெனவே எழுதிவைத்த தமிழ் உரைக்கு மட்டும் எந்த ஆபத்தும் இல்லை. இரு தளங்களும் ஒருங்குறியையே பயன்படுத்துவதால் அது எழுத்துப் பிசகாமல் செல்லும்.

உரையாடல்களைக் காப்பாற்றுதல்

தளம் மாறும்போது மக்கள் உண்மையாகவே வருந்தும் இழப்பு வாட்சாப் உரையாடல்களில்தான் நேர்கிறது. வேலைச் செய்திகள் போனால் போகட்டும் எனலாம். மறைந்துவிட்ட பெரியவர் ஒருவரின் குரல் பதிவு அதில் மட்டுமே இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆண்ட்ராய்டில் வாட்சாப் தன் காப்பு நகலைக் கூகுள் டிரைவிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் வைக்கிறது. ஒன்றை மற்றொன்று படிக்காது. நெடுங்காலம் இரண்டுக்கும் இடையே முறையான பாலமே இல்லை. 2021இல் ஐபோனிலிருந்து சாம்சங் கருவிகளுக்கும், பிறகு வேறு ஆண்ட்ராய்டுக் கருவிகளுக்கும் மாற்றும் வழி திறந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றும் வழி 2022இல் வந்தது. இதற்கு ஆப்பிள் வெளியிட்டுள்ள மூவ் டு ஐஓஎஸ் என்னும் செயலி பயன்படுகிறது. புதிய ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. இரு கருவிகளிலும் ஒரே தொலைபேசி எண் இருக்க வேண்டும். அழைப்புகளின் பட்டியல் உடன் வராது.

இதற்கு மேல் ஒரு பாதுகாப்பும் செய்துகொள்ளலாம். வாட்சாப்பில் ஒவ்வோர் உரையாடலையும் தனியே ஏற்றுமதி செய்யும் வசதி உள்ளது. அது உரைக்கோப்பாகவும், உடன் சேர்த்த படங்களும் குரல் பதிவுகளுமாகவும் வெளிவரும். அதைத் திரும்ப வாட்சாப்புக்குள் ஏற்ற முடியாது; ஆனால் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம், கேட்கலாம். அருமையான நான்கைந்து உரையாடல்களுக்காவது இதைச் செய்து வேறிடத்தில் வைப்பது அரைமணி நேர வேலை.

ஐபோனிலிருந்து விலகுவோர்க்கு இன்னொரு பொறி உண்டு. ஐமெசேஜ் சேவையில் எண் பதிவாகியிருந்தால், பிற ஐபோன் பயனர்கள் அனுப்பும் செய்திகள் பழைய முகவரிக்கே சென்று, புதிய ஆண்ட்ராய்டுக் கருவிக்கு வராமல் போகலாம். இச்சிக்கல் பற்றிப் புகார்கள் பெருகியதால் 2014 நவம்பரில் எண்ணைப் பதிவுநீக்கம் செய்யும் இணையப் பக்கத்தை ஆப்பிள் திறந்தது. சிம் அட்டையைக் கழற்றுவதற்கு முன் ஐபோனின் அமைப்புகளில் ஐமெசேஜை அணைத்துவிட்டால் அப்பக்கத்துக்குச் செல்லும் தேவையே வராது.

பணமும் கடவுச்சொற்களும்

இந்தியாவில் யுபிஐ செயலிகள் குறிப்பிட்ட கருவியுடனும் சிம் அட்டையுடனும் பிணைக்கப்பட்டுள்ளன. புதிய கருவியில் செயலியை நிறுவி, வங்கியில் பதிவான எண்ணிலிருந்து குறுஞ்செய்தி சென்று சரிபார்த்த பின்னரே அது இயங்கும். புதிய கருவியில் தொடக்கத்தில் அனுப்பக்கூடிய தொகைக்குக் குறைந்த வரம்பு இருக்கும். எனவே கல்விக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் கைப்பேசியை மாற்றுவது உகந்ததன்று. டிஜிலாக்கர் போன்றவற்றில் ஆவணங்கள் கணக்கில் இருப்பதால், உள்நுழைந்ததும் அவை மீண்டும் கிடைக்கும்.

இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண்களைத் தரும் செயலிகளில் கூடுதல் கவனம் தேவை. கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலி 2023 ஏப்ரல் வரை தன் குறியீடுகளைக் கருவிக்குள் மட்டுமே வைத்திருந்தது. பழைய கருவியை அழித்தபின் இதை நினைத்தவர்கள் தங்கள் கணக்குகளுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. இப்போது கூகுள் கணக்குடன் ஒத்திசைக்கலாம். அல்லது பழைய கருவி காட்டும் கியூஆர் குறியீட்டைப் புதிய கருவியால் படித்து மாற்றலாம். ஒவ்வொரு சேவையும் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைக்கும் பழைய முறையும் இன்றுவரை தவறாமல் வேலை செய்கிறது.

பழைய கருவி

புதிய கருவியில் எல்லாம் சரியாக உள்ளதாகத் தோன்றினாலும், பழையதைக் குறைந்தது இரண்டு வாரம் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் மின்கட்டணச் செயலியோ காப்பீட்டுச் செயலியோ அப்போதுதான் நினைவுக்கு வரும். விற்பதற்கோ வீட்டில் வேறொருவருக்குக் கொடுப்பதற்கோ முன், அதிலுள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து முதலில் வெளியேறி, பிறகே தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015 முதலும் திருட்டுத் தடுப்புப் பூட்டு நடைமுறையில் உள்ளது. கணக்கை நீக்காமல் அழிக்கப்பட்ட கருவி, பெற்றுக்கொண்டவரிடம் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.